ஷின்கான்சென்னும் சுவிஸ் ரயிலும்: ஒரு பயணியின் மதிப்பீடு

ஒரு நாட்டின் வாழ்க்கைத்தரத்தை அறிய அதன் ரயிலில் ஏறிப் பார்த்தாலே போதும் என்பது என் உறுதியான கருத்து. 1964-இல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்சென், வேகத்திலும் நேரந்தவறாமையிலும் பெயர் பெற்றது. டோக்கியோ நிலையத்தில் துப்புரவுப் பணியாளர்கள் ஏழே நிமிடங்களில் இருக்கைகளைத் திருப்பி, மேசைகளைத் துடைத்து, குப்பையை அகற்றிவிட்டுப் பயணிகளுக்குத் தலைவணங்குவதைப் பார்க்கையில், செய்யும் தொழில்மீது அச்சமூகம் கொண்ட மரியாதை புரிகிறது.

சுவிட்சர்லாந்தின் பெருமை வேகத்தில் இல்லை. 1982-இல் அறிமுகமான சீரான கால அட்டவணைப்படி, பெரும்பாலான தடங்களில் மணிக்கு மணி அதே நிமிடத்தில் ரயில் கிளம்புகிறது. மலைக்கிராமங்களுக்குச் செல்லும் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துகளும் அதன் வருகையை ஒட்டியே புறப்படுவதால், கார் இல்லாதவர்களும் எவர் தயவையும் நாடாமல் போய்வர முடிகிறது. இதைத்தான் நான் உண்மையான வளம் என்பேன். நிலையங்களில் தானியங்கிச் சீட்டு வாயில்கள்கூட இல்லை, ரயிலுக்குள்தான் பரிசோதனை.

கட்டணம்தான் சுமை. பாதிக் கட்டண அட்டை இல்லாமல் அங்கே பயணம் செய்ய வேண்டாம். டோக்கியோ–ஒசாகா தடத்திலோ, நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று அளவுகளின் கூட்டுத்தொகை 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு முன்பதிவு அவசியம். குழந்தைகளோடும் மூட்டை முடிச்சுகளோடும் செல்லும் குடும்பங்களுக்குச் சுவிஸ் ரயிலையே பரிந்துரைக்கிறேன்.