நாகர்கோவில் மாடி பார், புதுசாக்குன பெறவு

டவுனுக்குள்ள இருக்க ஒரு ஓட்டல்ல மாடி பார மாசக்கணக்கா தகரம் வச்சு மறைச்சு வேல பாத்துட்டு இப்ப தொறந்துட்டாங்க, சனிக்கெழம சாயங்காலம் கூட்டாளிங்க ரெண்டு பேர இழுத்துட்டு போனேன். ஓட்டல் பேரு போட மாட்டேன், பில்லுல ஒரு வருத்தம் இருக்கு, அத பெறவு சொல்றேன்.

முன்னாடி அங்க சிவப்பா ஒரு பல்பு எரியும், தட்டுல என்ன கெடக்குன்னு போன் லைட் அடிச்சுதான் பாக்கணும், கார்ப்பெட்ல எந்தக் காலத்து பீர் வாடையோ. இப்ப கார்ப்பெட்ட பிச்சு எறிஞ்சுட்டு டைல்ஸ் போட்டாச்சு, அடச்சு வச்சிருந்த ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடி, ரோட்ட பாத்துட்டு உக்காரலாம். பாத்ரூம் கதவுக்கு கொண்டி வந்துருச்சு! (பழைய ஆளுங்களுக்கு இதோட அருமை தெரியும், முன்னெல்லாம் ஒருத்தன காவலுக்கு நிறுத்திட்டுதான் உள்ள போகணும்.) பாட்டுதான் தாங்கல, பக்கத்துல இருக்கவன் பேசுறது கேக்கல, கொறைக்கச் சொன்னா அஞ்சு நிமிஷம் கொறைச்சுட்டு மறுபடி ஏத்துறாங்க.

சரக்கு பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. நம்ம ஊர்ல ஓட்டல் பாருக்கும் டாஸ்மாக் மூலமாத்தான் சப்ளை, அதனால லிஸ்ட்ல அதிசயம் எதுவும் இருக்காது, வெல மட்டும் கடையில வாங்குறத விட எக்கச்சக்கம். ஆனா கண்ணு முன்னாடியே மெஷர் வச்சு அளந்து ஊத்துறாங்க, லார்ஜ்னா 60 மில்லி சரியா இருக்கு, பீரும் நல்ல சில்லுனு வந்துச்சு. நன்னாரி போட்டு ஒரு காக்டெய்ல் புதுசா வச்சிருக்காங்க, ஆசப்பட்டு சொல்லிடாதீங்க, இருமல் மருந்து மாதிரி இருக்கு.

சாப்பாட்டுக்கு வருவோம். மெனுவுல மொதல்ல நெய்மீன் கிரில்னு பெரிய போட்டோ, அதையே சொல்லப் போனோம். சப்ளை பண்ற அண்ணன், குளச்சல் பக்கத்து ஆளு, குனிஞ்சு மெதுவா "சார் நெய்மீன் ஐஸ்ல கெடந்தது, நெத்திலி காலைல வள்ளத்துல வந்தது, அத எடுங்க"ன்னாரு. ஓட்டலுக்கு நஷ்டம்னாலும் பரவால்லன்னு சொன்ன மனுசன். நாங்க போனது ஜூன் மொத வாரம், மீன்பிடி தடைக்காலம் பாத்துக்கிடுங்க. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக்கடல் கணக்கு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வர விசைப்படகு போகாது, குளச்சல் தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக்கடல் கணக்கு, ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வர. அந்த ரெண்டு வாரம் நம்ம மாவட்டத்துல ரெண்டு பக்கமும் விசைப்படகு கரையிலதான் கெடக்கும், நாட்டு வள்ளம் மட்டும் போகும். பெரிய மீன் போட்டோவ அப்ப நம்பக்கூடாது.

நெத்திலி வந்துச்சு பாருங்க, தல கிள்ளி, கொடல் எடுத்து, மாவு கலர் ஒண்ணும் இல்லாம நல்லமிளகும் சின்ன உள்ளியும் தட்டிப் போட்டு தேங்காண்ணெயில பொரிச்சது, கறிவேப்பில மொறுமொறுன்னு மேல கெடக்கு, முள்ளோட அப்படியே போகுது. ரெண்டாவது பிளேட், மூணாவது பிளேட்டுன்னு போயிட்டே இருந்துச்சு. மரச்சீனி மசிச்சதும் தேங்கா அரச்ச மீன்கறியும் கூட நல்லா இருக்கு. பீஃப் வறுவல்ல தேங்காக்கொத்து தாராளம், கறி கொஞ்சம் சவச்சவன்னு இருந்துச்சு, இன்னும் வேகணும். பழைய மாஸ்டர மாத்தலையாம், நல்லவேள. புதுசா வந்த புண்ணியவான் யாரோ "சீஃபுட் பிளாட்டர்"னு மரப்பலகையில இதே நெத்திலிய மயோனைஸோட வைக்கிறாரு, அது என்ன பாவம் பண்ணுச்சோ.

முன்னாடி ஓசியில வர்ற அவிச்ச கடலையும் மாங்கா கீத்தும் காணோம், அதுக்குப் பதிலா காசுக்கு ஏத்தங்கா சிப்ஸ். சவத்த விடுன்னு விட்டாச்சு.

பில்லுதான் விட முடியல. சாப்பாட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, சரக்குக்கு தனியா வாட், அது சரி, கீழ சத்தமில்லாம சர்வீஸ் சார்ஜ்னு ஒரு தொகை. பில்லுல தானா சேக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லயே சொல்லிருச்சு, 2025ல டெல்லி ஹைகோர்ட்டும் அத சரின்னு சொல்லிருச்சு. கேட்டதும் மேனேஜர் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு எடுத்துட்டாரு, அந்தக் காச நாங்க அந்த அண்ணன் கையில குடுத்துட்டு வந்தோம். நீங்களும் கேளுங்க, கேக்காதவன் தலையிலதான் கட்டுறாங்க.

ஜன்னல் ஓரம் வேணும்னா ஏழு மணிக்கு முன்னாடி போயிருங்க. பார்க்கிங் கொஞ்சூண்டு எடம்தான், எப்படியும் வண்டி ஓட்டக் கூடாது, ஆட்டோவுல போங்க. கணவா, நெய்மீன் வேணும்னா ஆகஸ்ட்ல குளச்சல் படகு எறங்குன பெறவு போங்க, 15ஆம் தேதி மட்டும் போயி நிக்காதீங்க, டிரை டே.