தொங்கும் மேல் இமை: தோலா, தசையா, புருவமா?

பாம்பன், தொண்டிப் பக்கம் கடல் வெயிலில் கண்ணைச் சுருக்கியே பழகியவர்களுக்கு மேல் இமை சரிவது சீக்கிரமே தெரியும். டாக்டரிடம் போனதும் பலர் கேட்பது, "தோலை வெட்டி எடுத்துட்டா சரியாயிடுமா?" என்றுதான். சரிந்திருப்பது தோலா, தசையா, புருவமா என்று பார்க்காமல் இதற்குப் பதில் கிடையாது.

கண்ணாடியில் நேராகப் பாருங்கள். இமையை இழுக்காமல், மடிந்து கிடக்கும் தோலை மட்டும் விரலால் விலக்குங்கள். இமை விளிம்பு கண்மணியின் நடுவிலிருந்து 4–5 மி.மீ. மேலே நின்றால் கோளாறு தோலில். விளிம்பே கண்மணியை மறைத்தால் இமையைத் தூக்கும் தசையில். புருவத்தைத் தூக்கிப் பிடித்ததும் மறைப்பு விலகினால் புருவத்தில். மூன்றில் இரண்டு சேர்ந்திருப்பதும் உண்டு.

தோல் எடுப்பதுதான் எளிது. மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு கண்ணுக்கும் ஒரு மணி நேரம் போல ஆகும். வெட்ட வேண்டிய இடத்தைக் குறிக்கும் கோட்டை, ஆளை உட்காரவைத்தே போட வேண்டும். படுத்தால் புருவம் இடம் மாறிவிடும். புருவத்துக்கும் இமைமயிருக்கும் நடுவே 20 மி.மீ. தோலாவது மிஞ்ச வேண்டும். "நல்லா எடுத்துடுங்க" என்று வற்புறுத்தாதீர்கள். அதிகம் எடுத்தால் தூக்கத்தில் கண் மூடாது. கருவிழி காய்ந்து புண்ணாகும். கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும் ஊரில் அது பெரிய தொல்லை.

தசையை இறுக்குவது நுணுக்கமான வேலை. ஆபரேஷனுக்கு நடுவில் எழுப்பி உட்காரவைத்து, கண்ணைத் திறக்கச் சொல்லி உயரம் பார்ப்பார்கள். 1 மி.மீ. பிசகினாலும் முகத்தில் தெரியும். மறுபடி தையல் போட நேரலாம். ஒரு பக்கம் தூக்கியதும் மறுபக்கம் இறங்குவதும் உண்டு, ஏனென்றால் மூளை இரண்டு இமைக்கும் ஒரே அளவில்தான் கட்டளை அனுப்புகிறது. பொழுது சாயச் சாய இமை இறங்கி, பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரிந்தால் அது மயஸ்தீனியாவாக, அதாவது நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோயாக இருக்கலாம். முதலில் அதற்கான பரிசோதனை, கத்தி பிறகு. தலைவலியோடு திடீரென ஒரு இமை விழுந்து, அந்தக் கண்மணி பெரிதாகியிருந்தால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புருவம் இறங்கியவருக்கு இமைத் தோலை மட்டும் எடுத்தால் புருவம் இன்னும் கீழே வரும். புருவத்துக்கு மேலே வெட்டித் தூக்கினால் தழும்பு விழும். அடர்ந்த புருவக்காரருக்கு அது ஓரளவு மறையும். நெற்றி சில மாதம் மரத்திருக்கலாம்.

எதைச் செய்தாலும் முதல் 48 மணி நேரம் விட்டு விட்டு 10–15 நிமிடம் ஐஸ் ஒத்தடம், தலையை உயர்த்திப் படுக்கை. இமைத் தையலை 5–7 நாளில் பிரிப்பார்கள்; கன்றல் மறைய இரண்டு வாரம். அதுவரை வலை இழுப்பதோ ஐஸ் பெட்டி தூக்குவதோ கூடாது. பாசி எடுக்க முகக்கண்ணாடி மாட்டி முங்குவோர் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். விசைப்படகுக்காரருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் தோது; நாட்டுப்படகுக்காரர்தான் தொழில்நாளை இழக்க வேண்டும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அல்லது மீன் எண்ணெய் மாத்திரை எது சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். மதுரையில் செய்துகொண்டால் அன்று இரவே ராமேஸ்வரம் பஸ் ஏற வேண்டாம். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுவது அரிது, ஆனால் கட்டினால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள். கடும் வலி, கண் பிதுங்கல், பார்வை மங்கல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே திரும்பிப் போங்கள்.