ஸ்டார்ட்டர் வளர்க்கிறீர்களா? மாட்டுங்கா மாவு மில்லுக்கு ஒருமுறை போய் வாருங்கள்

மாட்டுங்கா கிழக்கில், மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் சின்ன மாவு மில் இது. மும்பையில் சக்கி என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். சப்பாத்திக்கு அரைக்கிறவர்களுக்கு இந்த இடம் ஏற்கெனவே தெரியும். நான் எழுதுவது வீட்டில் சவர்டோ ரொட்டி, அதாவது கடை ஈஸ்ட் சேர்க்காமல் மாவைத் தானே புளிக்க வைத்துச் செய்யும் ரொட்டி, போடுகிறவர்களுக்காக.

அந்த ரொட்டி மாவைப் புளிக்க வைக்க பாட்டிலில் வளர்க்கும் புளித்த கலவைதான் ஸ்டார்ட்டர். அதற்கு மாவும் தண்ணீரும் போதும். அதைப் பொங்க வைக்கும் ஈஸ்டும், புளிப்பேற்றும் லாக்டிக் பாக்டீரியாவும் பெரும்பாலும் கோதுமைத் தவிட்டோடுதான் வருகின்றன. மைதாவில் அந்தத் தவிடு இல்லை, அதனால் புதிதாக ஆரம்பிக்கும்போது ரொம்பவே மந்தமாக இருக்கும். இங்கே முழுக் கோதுமையை நம் கண் முன்னால் கல்லில் அரைத்து, சலிக்காமல் தருகிறார்கள். ஷர்பதி, லோக்வன், கப்ளி என்று மூட்டைகள் இருக்கும். கப்ளி நம் ஊர் சம்பா கோதுமைதான். நன்றாகப் புளிக்கும், ஆனால் மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் புரதத்துக்கு வலு இல்லாததால் ரொட்டிக்கு உயரம் வராது. என் ஸ்டார்ட்டர் பாட்டிலுக்கு லோக்வன்தான்.

அரைக்கிறவரின் கைப்பக்குவத்துக்காகவே இங்கே போகலாம். கல்லிலிருந்து துணிக்குழாய் வழியாக மாவு விழும்போது ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார், பிறகு கல்லை நெருக்கும் திருகாணியைக் கொஞ்சம் முறுக்குவார். நாம் ‘பாரீக்’ என்று சொன்னால் போதும், நைசாக வரும்.

இந்த மாவில் புதிதாக ஆரம்பித்த ஸ்டார்ட்டர் இரண்டாம் நாளே குபுகுபுவென்று நுரை கட்டும். அது ஈஸ்டின் வேலை அல்ல. பெரும்பாலும் லூக்கோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாவின் வேலை. இட்லி மாவைப் பொங்க வைக்கிற அதே இனம். அப்புறம் புளிப்பு ஏற ஏற அது ஒடுங்கிவிடும், பாட்டிலில் இரண்டு மூன்று நாள் அசைவே இருக்காது. நிறையப் பேர் செத்துவிட்டது என்று கொட்டுவது இந்தக் கட்டத்தில்தான். தயவுசெய்து கொட்டாதீர்கள்! தினமும் மாவும் தண்ணீரும் கொடுத்து வாருங்கள், புளிப்பைத் தாங்கும் ஈஸ்ட் மெல்லத் தலையெடுக்கும்.

மும்பைச் சூட்டில் ஸ்டார்ட்டர் எவ்வளவோ அதே அளவு மாவும் தண்ணீரும் கொடுத்தால் நாலைந்து மணி நேரத்திலேயே ஏறி இறங்கிவிடுகிறது. மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நின்றால் பசி என்று அர்த்தம். 10 கிராம் ஸ்டார்ட்டருக்கு 50 கிராம் மாவு, 50 கிராம் தண்ணீர் என்று கொடுத்தால் நின்று நிதானமாக எழும்பும். சக்கி மாவு தண்ணீரை அதிகம் இழுக்கும், அதனால் ஒரு ஸ்பூன் கூடவே விடுங்கள்.

குறை என்றால் ஒன்றுதான். முன்னால் கம்போ கடலைப்பருப்போ அரைத்திருந்தால் அதன் மிச்சம் நம் மாவில் கலந்துவிடும். கோதுமைக்குப் பின்னால் போடச் சொல்லிக் கேளுங்கள், முகம் சுளிக்காமல் செய்வார்கள். சனி, ஞாயிறு கூட்டத்தில் இதெல்லாம் நடக்காது, வார நாள் மதியம் போங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம், முளையில் இருக்கும் எண்ணெயால் மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வீட்டிலிருந்தே எவர்சில்வர் டப்பா எடுத்துப் போங்கள். வந்ததும் மூடியைத் திறந்து சூடு ஆற விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டிவிடும்.