சேறும் குதிரையும்: சில மழைக்காலங்கள் பயன்படுத்திப் பார்த்தவை

என்னிடம் இருப்பவை வெள்ளைக் கால்கள் கொண்ட ஒரு குதிரையும், அடர்ந்த ரோமமுள்ள ஒரு மட்டக்குதிரையும். சேற்றைக் கண்டால் இரண்டும் புரளாமல் விடுவதில்லை. இவற்றைச் சுத்தமாக வைத்திருக்க வாங்கிய சாமான்களில் எது உழைத்தது, எது மூலையில் கிடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

முதலிடம் ரப்பர் தேய்ப்பானுக்குத்தான். சேறு நன்றாகக் காய்ந்த பிறகு வட்ட வட்டமாகத் தேய்த்தால் பொடியாக உதிர்ந்துவிடும். அதன் பிறகு முரட்டுத் தூரிகை, கடைசியில் மென்மையான தூரிகை. ஈரச் சேற்றில் தூரிகையை வைத்தால் மணல் தோல்வரை இறங்கிவிடும், குதிரையும் முகம் சுளிக்கும். அவசரத்துக்குச் சேணமும் வயிற்று வாரும் படும் இடங்களை மட்டும் சுத்தம் செய்தால் போதும். அங்கே ஒட்டியிருக்கும் சிறு மண்கட்டிகூடப் புண்ணாக்கிவிடும். மற்ற இடத்துச் சேறு காத்திருக்கட்டும். மழைக்காலத்தில் ஷாம்பூவை நான் தொடுவதே இல்லை. ரோமத்தில் இயற்கையாக ஊறும் எண்ணெய்தான் மழைநீரை வழிந்தோடச் செய்கிறது. அதைக் கழுவிவிட்டால் குளிர் நேரே உடம்பில் ஏறும்.

போர்வை விஷயத்தில் 600 டெனியர் துணி வேலிக் கம்பியில் சீக்கிரமே கிழிந்தது. 1200 டெனியர் இன்னும் தாங்குகிறது. டெனியர் என்பது நூலின் தடிமனைக் குறிக்கும் அளவு, அவ்வளவுதான். நீர் புகாமல் காப்பது துணியின் மேற்பூச்சு. சாதாரணச் சலவைத்தூளில் துவைத்தால் அந்தப் பூச்சுக்குக் கேடு. கழுத்தையும் மூடும் போர்வை வேலையைப் பாதியாகக் குறைக்கிறது, ஆனால் பிடரி தேய்கிறது. மட்டக்குதிரைக்கு நான் போர்வை போடுவதில்லை. அதன் ரோமமே அதற்குப் போதுமான போர்வை.

கால்கள் தனிக் கதை. தினமும் குழாயைப் பீய்ச்சிக் கழுவுவதைப் பலர் அக்கறை என்று நினைக்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. ஓயாமல் நனைந்து ஊறிய தோலில்தான் 'டெர்மடோஃபிலஸ்' என்ற பாக்டீரியா எளிதாகப் புகுந்து பொருக்குப் புண்களை உண்டாக்குகிறது. வெள்ளைக் கால்களுக்குக் கீழே தோல் இளஞ்சிவப்பாக இருக்கும், அங்கே கவனம் கூடுதலாக வேண்டும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் துண்டால் ஒற்றி முழுதும் உலர்த்திவிடுவேன். ஈரம் தடுக்கும் களிம்பு நல்ல பொருள்தான், ஆனால் சுத்தமான உலர்ந்த தோலில் பூசினால் மட்டுமே. சேற்றின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்ததாகிவிடும். கால் வீங்கினாலோ நொண்டினாலோ களிம்பை ஓரம் வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

குளம்பைத் தினமும் கொக்கியால் சுரண்டிப் பார்க்கிறேன். கருப்பாகக் கசிந்து நாறினால் அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வால் பளபளக்க வாங்கிய தெளிப்பான் வீண் செலவு. சேறு வழுக்கி விழும் என்று உறையில் எழுதியிருந்தது, விழவில்லை. வாலைப் பின்னி மேலே மடித்துக் கட்டினாலே போதும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தந்தது குதிரையைத் தொடாத ஒரு வேலை. மேய்ச்சல் நிலத்தின் வாயிலில்தான் சேறு குழம்பிக் கிடந்தது. அங்கே மேல் சேற்றை அள்ளிவிட்டு, நீர் வடியும் விரிப்பைப் போட்டு, மேலே ஜல்லி பரப்பி, பிளாஸ்டிக் கட்டத் தகடுகளைப் பதித்தோம். முதுகு ஒடிகிற வேலை, செலவும் அதிகம். ஆனால் உணவுக்காக அங்கே நின்று காத்திருக்கும் நேரமெல்லாம் கால்கள் இப்போது சேற்றில் இல்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் அதையே பதிக்க, அடுத்த மழைக்கு முன் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.