இடது பாதம்: நேராகவா, திருப்பியா?

கோல்ஃபில் வலக்கை ஆட்டக்காரருக்கு இலக்குப் பக்கம் நிற்பது இடது கால். அந்தப் பாதத்தைப் பந்து போக வேண்டிய கோட்டுக்குச் செங்குத்தாக வைப்பதா, விரல்களை இலக்கு நோக்கித் திருப்புவதா? அமெரிக்க கோல்ஃப் வீரர் பென் ஹோகன் 1957-இல் சொன்ன கணக்கு: வலது பாதம் நேர், இடது சுமார் 22 டிகிரி வெளியே. பெரும்பாலானோருக்கு இன்றும் அதுவே சரி என்பது எங்கள் கட்சி.

இடது பாதத்தை நேராக வைத்தால் பேக்ஸ்விங்கில், அதாவது மட்டையைப் பின்னே தூக்கும்போது, இடுப்பு தாராளமாகச் சுழலும். வில்லங்கம் திரும்பி வரும்போதுதான். ஐயன் (இரும்புத் தலை மட்டை) ஷாட்டில் பந்தைத் தொடும் கணத்தில் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் இடது காலில் இருக்க, அதன் மேலேயே இடுப்பும் திறந்தாக வேண்டும். இடுப்பு மூட்டு இறுகியவருக்கு அந்த முறுக்கு முட்டிக்கு இறங்கும். அல்லது இடுப்பு நின்றுவிட, கை மட்டும் ஓடி, பந்து இடப்பக்கம் வளைந்து ஹூக் ஆகும். நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியை அசைக்காமல் இடது பாதத்தை வெளிப்பக்கம் வீசிப் பாருங்கள். 30 டிகிரிகூடப் போகவில்லையா? நேர்பாதம் உங்களுக்கு வேண்டாம்.

திருப்பி வைப்பதும் இலவசமில்லை. பந்தை அடிக்கையில் இடுப்புக்குக் கிடைக்கும் இடத்துக்குப் பேக்ஸ்விங்கில் விலை கொடுக்கிறோம். அதை ஈடுகட்ட இன்னொரு அமெரிக்க வீரர் ஜாக் நிக்லாஸ் போல, பேக்ஸ்விங்கில் இடது குதிகாலை லேசாக எழவிடலாம். டவுன்ஸ்விங் (மட்டை பந்தை நோக்கி இறங்குவது) அந்தக் குதிகால் தரையைத் தொடுவதில் தொடங்கட்டும். 40 டிகிரியைத் தாண்டித் திருப்பினால் இடுப்பு முந்திக்கொண்டு திறக்கும், தோளும் கூடவே ஓடும், பிறகு பந்து வலப்பக்கம் வளையும் ஸ்லைஸ்தான்.

பலர் கோட்டைவிடுவது திருப்பும் விதத்தில். குதிகாலை ஊன்றி விரலைத் திருப்புங்கள். விரலை ஊன்றிக் குதிகாலை நகர்த்தினால் நிற்கும் அகலம் குறையும். குதிகாலை வைத்துப் பார்த்தால் பந்து இன்னும் முன்னே போய்விடும். இன்னொன்று: 28 செ.மீ. பாதத்தை 22 டிகிரி திருப்பினால் விரல்நுனி சுமார் 2 செ.மீ. பின்வாங்கும். நிற்கும் திசையைச் சரிபார்க்க விரல்களை ஒட்டிக் குச்சி வைத்துப் பார்ப்பவர், நிற்பது கோணல் என்று நினைத்து வலது காலையும் பின்னே இழுப்பார். குச்சியைக் குதிகால்களை ஒட்டி வையுங்கள்.

எடை மாறுவது பாதக் கோணத்தால் தானாக நடந்துவிடாது. கிளப் (மட்டை) உச்சிக்குப் போகுமுன்பே இடது கால் பெருவிரலின் அடிப்பகுதியில் அழுத்தம் ஏறத் தொடங்கி, பந்தை அடிக்கையில் குதிகாலுக்கு வந்திருக்க வேண்டும். தாமதித்தால் ஐயன் பந்துக்குப் பின்னாலுள்ள மண்ணை வெட்டும். 7-ஆம் எண் ஐயனில் அரை ஸ்விங் அடித்து, முடிந்த நிலையிலேயே வலது பாதத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பாருங்கள். தள்ளாடினால் எடை இன்னும் பின்னால்தான் இருக்கிறது.