சாகக் கிடந்த ஹார்ட் டிஸ்க்கும் டிடிரெஸ்கியூவும்

அம்மம்மாவின்ர குரல் இருந்த ஒரே இடம் அந்த 1 டிபி போர்ட்டபிள் டிஸ்க்தான். 2013இல போன்ல ரெக்கோட் பண்ணினது, 41 நிமிசம், சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டு போன கதை சொல்லுவா. போன மாசம் டிஸ்க்கைக் குத்தினா விண்டோஸ் அப்பிடியே இறுகிப்போய் நிக்குது, கனநேரத்துக்குப் பிறகு போர்மட் பண்ணவோ எண்டு கேக்குது. எனக்குக் கை நடுங்கிப் போச்சு. வெள்ளவத்தையில ஒரு கடைக்குக் கொண்டு போனன், அந்தத் தம்பி உடன 'செக்டிஸ்க் ஓட விடுவம் அண்ணா' எண்டார், நான் வேண்டாம் எண்டு சொல்லி வாங்கிக்கொண்டு வந்திட்டன். ஏனெண்டா செக்டிஸ்க் திருத்திறன் எண்டு அந்த டிஸ்க்கிலயே எழுதும், சாகக் கிடக்கிறதில எழுதினா மிச்சமிருக்கிறதும் போயிரும். முதல்ல முழு டிஸ்க்கையும் வேற டிஸ்க்குக்கு கொப்பி எடுக்கோணும், பைல் தேடுறதெல்லாம் அந்தக் கொப்பியிலதான்.

அதுக்குத்தான் டிடிரெஸ்கியூ. காசில்லாத குனு சொப்ட்வெயார், விண்டோஸுக்குப் பதிலாப் போடுற உபுண்டு லினக்ஸில ஜிடிடிரெஸ்கியூ எண்ட பேரில கிடக்கும், டிடிக்கும் ரெஸ்கியூக்கும் நடுவில கோடு போட்டு ஒண்டு இருக்கு அது வேற ஆள் செய்தது, மாறிப் போடாதேங்கோ. யூனிட்டி பிளாசாவில புதுசா ஒரு 2 டிபி டிஸ்க் வாங்கினன், செலவு அவ்வளவுதான்.

சாதாரணமா கொப்பி பண்ணினா ஒரு கெட்ட இடத்தில முட்டிக்கொண்டு நிண்டிடும். இது அப்பிடி இல்லை, கெட்ட இடம் வந்தா பாய்ஞ்சு தாண்டிப் போய் முதல்ல நல்ல இடமெல்லாத்தையும் அள்ளிப்போடும், பிறகு திரும்பி வந்து கெட்ட இடத்தின்ர ஓரங்களை நறுக்கி எடுக்கும், கடைசியா செக்டர் எண்ட சின்னச் சின்னத் துண்டா சுரண்டும். எது எடுத்தாச்சு எது இன்னும் இல்லை எண்டு மேப்பைல் எண்ட சின்ன பைலில எழுதிக்கொண்டே வரும். எனக்கு அதுதான் உயிர் காத்தது. ரெண்டாம் நாள் ராத்திரி 63 வீதத்தில கரண்ட் போச்சு, இருட்டுக்குள்ள இருந்து எல்லாம் போச்செண்டு அழுகையே வந்திட்டுது, கரண்ட் வந்தாப் பிறகு அதே கட்டளையை அதே மேப்பைலோட திரும்பப் போட்டன், விட்ட இடத்திலேயே பிடிச்சுது. இடையில டிஸ்க் சூடாகி ரெண்டு தரம் கழண்டு போச்சு, திரும்பக் குத்தேக்க லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கிற பேர் எஸ்டிபியில இருந்து எஸ்டிசி ஆகி நிண்டுது, அதைப் பாத்து கட்டளையில பேரை மாத்திப் போடோணும். பிறகு டிஸ்க்குக்கு நேரா மேசை ஃபேனைத் திருப்பி விட்டன், கழரேல்லை.

குறை சொல்லோணுமெண்டா, பட்டன் ஒண்டும் இல்லை, கறுப்புத் திரையில டைப் பண்ணவேணும். எடுக்கிற டிஸ்க்கையும் போடுற டிஸ்க்கையும் மாறிப் போட்டீங்களெண்டா பழையதுக்கு மேல புதுசை எழுதி எல்லாத்தையும் அழிச்சுப் போடும், ஒரு கேள்வியும் கேக்காது. டிஸ்க்குகளைப் பட்டியல் போட்டுக் காட்டுற எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் போட்டு சைஸைப் பாத்து, மூண்டு தரம் பாத்து, பிறகு என்டரை அமத்துங்கோ. டிஸ்க் டிக் டிக் எண்டு அடிக்குதெண்டா இதைத் தொடவே வேண்டாம், அது உள்ளுக்குள்ள தட்டை வாசிக்கிற ஹெட் போனதா இருக்கும், ஓட விட விட தட்டைச் சுரண்டும், உடன நிப்பாட்டிப் போட்டு தூசியில்லாத அறையில திறந்து பாக்கிற ஆக்களிட்டக் குடுங்கோ.

நல்ல இடமெல்லாம் வர மூண்டு நாள், சுரண்டி முடிய இன்னும் ரெண்டு நாள். கொப்பியை, பைல் மீட்டெடுக்கிற டெஸ்ட்டிஸ்க் எண்ட சொப்ட்வெயாரில திறந்தன், போல்டர் பேர் ஒண்டும் மாறாமல் அப்பிடியே இருந்துது. அம்மம்மா முதல்ல இருமிப் போட்டு, 'உது வேலை செய்யுதோடா' எண்டு கேக்கிறா, முழுசா இருக்கு. அக்காவின்ர கலியாணப் படத்தில நாலைஞ்சு மட்டும் பாதிக்குக் கீழ சாம்பல் நிறம், அதுக்கு டிடிரெஸ்கியூவில ரீட்ரை மூண்டு, அதாவது கெட்ட இடத்தை இன்னும் மூண்டு தரம் வாசிச்சுப் பார் எண்டு போட்டு இண்டைக்கும் ஓட விட்டிருக்கிறன்.