அந்திமந்தாரையா, ஸ்னாப்டிராகனா? நிறக் கணக்கு பார்க்க எதை வளர்க்கலாம்

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு முழுமையற்ற ஓங்குதன்மையை (இரண்டு பண்புகளில் எதுவும் மற்றதை முழுதாக மறைக்காத மரபு முறை) பூவிலேயே காட்டிவிட வேண்டும் என்று மதுரையில் எங்கள் மொட்டைமாடியில் இரண்டையும் வளர்த்தேன். சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்தால் முதல் தலைமுறை இளஞ்சிவப்பு, அடுத்ததில் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை 1:2:1. பாடம் இரண்டிலும் ஒன்றுதான். நான் அந்திமந்தாரை கட்சி.

ஸ்னாப்டிராகனின் பலம் விதை. ஒரே காயில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். அந்திமந்தாரையில் பூவுக்கு ஒன்றே ஒன்று, மிளகு மாதிரி. ஆனால் கையால் மகரந்தம் சேர்ப்பது முதல் தலைமுறைக்கு மட்டும்தானே, ஐந்தாறு விதை தேறினால் போதும், அப்புறம் பூ வாடிச் சுருளும்போது தன் மகரந்தத்திலேயே காய்த்துக்கொள்ளும். மதியம் மூன்று மணிக்கு, மொட்டு விரியும் முன், புருவம் திருத்தும் ட்வீசரால் ஐந்து மகரந்தப் பைகளையும் கிள்ளிவிட்டு, ஐந்தரைக்கு மற்றச் செடியின் பூவைத் தடவி, வலைத்துணி கட்டினேன். ஸ்னாப்டிராகனில் மூடிய வாயைப் பிரிப்பதற்குள் பாதி மொட்டு கிழிந்துபோனது.

எனக்கு முடிவைச் சொன்னது வெயில்தான். இளஞ்சிவப்புப் பூவைக் காட்டியதும் மகள் "பெயின்ட் கலந்த மாதிரிதானே அப்பா" என்றாள். அதில் தப்பே இல்லை, அந்தக் கட்டத்தில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த இளஞ்சிவப்பின் விதையிலிருந்து பளிச்சென்று ஒரு வெள்ளை பூத்தால்தான், மரபுக் காரணிகள் கலக்கவில்லை, ஒரே ஒரு சிவப்பு அல்லீல் (மரபணுவின் ஒரு வடிவம்) இருந்ததால் நிறமி குறைவாக உண்டானது, அவ்வளவுதான் என்று புரியும். அதற்கு இரண்டாம் தலைமுறை வரை செடி ஓட வேண்டும். குளிர்காலச் செடியான ஸ்னாப்டிராகன் பங்குனியில் கருகிவிட்டது, தூசி போன்ற அதன் விதை அடுத்த கார்த்திகைக்காக டப்பாவில் கிடக்கிறது. ஆனியில் விதைத்த அந்திமந்தாரையோ ஆவணியில் பூத்தது, அதில் சேர்த்த விதை மார்கழியில் இளஞ்சிவப்பானது, அதன் பிள்ளைகள் சித்திரை வெயிலிலேயே பூத்தன. 24 செடிகளில் 7 சிவப்பு, 11 இளஞ்சிவப்பு, 6 வெள்ளை. ஜெர்மன் தாவரவியலாளர் கார்ல் காரென்ஸ் இந்த விகிதத்தைக் கண்டதும் இதே செடியில்தான்.

ஸ்னாப்டிராகனோடு எனக்கு ஒரே ஒரு குளிர்காலப் பழக்கம்தான், அதுவும் சமவெளியில். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அத்தனை விதையையும் முளைக்கவைக்க முடிந்தால் விகிதம் இன்னும் துல்லியமாக வரும்.

அந்திமந்தாரை வைப்பவர்கள் மஞ்சள் பூச்செடியை மட்டும் தள்ளி வையுங்கள். அது சேர்ந்தால் ஆரஞ்சு, வரி, புள்ளி என்று கணக்கு குழம்பும். விதை கறுத்ததும் தொட்டாலே உதிர்ந்துவிடும், அதனால் வலைத்துணியைச் சீக்கிரம் அவிழ்க்காதீர்கள்.